கண்ணாயி என்று கையெழுத்துப் போட்டவர்

வளப்பூர் நாடு, கொல்லிமலை
கார்த்திகை 12

என் கண்ணு அருள்மொழிக்கு அம்மா மணிமேகலை எழுதுவது. பெரியசாமி துணையில் இங்கே நானும் உன் அப்பாவும் கைகால் சுகத்தோடு இருக்கிறோம். அயர்லாந்தில் நீயும் மாப்பிள்ளை யுவராஜும் உன் வயிற்றில் ஆறாம் மாதமாக வளர்கிற என் பேரப்பிள்ளையும் சுகமாக இருக்கிறீர்கள் என்று உன் வாயால் கேட்கிற நாளில்தான் எனக்குச் சோறு ருசிக்கிறது. இந்த வருஷம் ஐப்பசி மழை விட்டு விட்டுப் பெய்தாலும் கெடுதல் ஒன்றும் செய்யவில்லை. மிளகுக்கொடி மரத்துக்கு மரம் சரம் விட்டு நிற்கிறது, தை பிறந்தால் பறிக்கலாம் என்கிறார் அப்பா. கீழ்க்காட்டில் குச்சிக்கிழங்கு பிடுங்கி லாரியில் ஏற்றியாயிற்று. சாமை அறுத்துக் காயவைத்திருக்கிறேன், குத்திய அரிசியை விமானத்தில் விடுவார்களா என்று மாப்பிள்ளையிடம் கேட்டுச் சொல். அப்பாவுக்கு முழங்கால் வலி இருக்கிறது, ஆனால் மரமேறாதே என்று சொன்னால் கேட்கிற ஆளா அவர், ஏணியை ஒளித்து வைத்தேன், பக்கத்து வீட்டில் இரவல் வாங்கி ஏறுகிறார்.

இந்தக் கவருக்குள் உன்னுடைய புதிய பிறப்புச் சான்றிதழ் இருக்கிறது. மடிப்புக் கலையாமல் எடு. காரியம் முடிந்துவிட்டது என்று அப்பா போனில் உன்னிடம் சொன்னார், ஆனால் எப்படி முடிந்தது என்பதை நான்தான் சொல்ல வேண்டும் என்று அவரிடம் கேட்டுக்கொண்டேன். நம் பாறைமேல் ஏறி நின்று பேசினால் பாதிப் பேச்சில் சிக்னல் போய்விடுகிறது, இது பாதியில் அறுந்து போகிற பேச்சு இல்லை. அதனால் எழுதுகிறேன், உட்கார்ந்து நிதானமாகப் படி.

புரட்டாசியில் நீ என்னைப் பேறுகாலத்துக்கு அழைத்துக்கொள்ள வேண்டும், அதற்கு உன் பிறப்புச் சான்றிதழ் வேண்டும் என்றாய். உன் அப்பா மலைக்குக் கீழே போய்ப் பிறப்புப் பதிவு ஆபீசில் நகல் வாங்கி, கம்ப்யூட்டர் சென்டர் பையனிடம் கொடுத்து உனக்கு அனுப்பச் சொல்லிவிட்டு, பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது என்று ஓடி வந்துவிட்டார். படித்துப் பார்க்கவில்லை. அதற்கு முன்னாலும் அதை யாரும் படித்துப் பார்த்ததில்லை கண்ணு. உன்னைப் பள்ளிக்கூடத்தில் சேர்த்தது ஆஸ்பத்திரிச் சீட்டை வைத்து, பாஸ்போர்ட் எடுத்தது பத்தாம் வகுப்பு மார்க் சீட்டை வைத்து. முப்பது வருஷமாக அந்தப் பதிவேடு அங்கேயே கிடந்திருக்கிறது. மறுநாள் நீ போன் செய்தாய். "அம்மா, அப்பா பேரு செங்கோடன்னு சரியாத்தான் இருக்குது, அம்மா பேரு கண்ணாயின்னு போட்டிருக்குது, கண்ணாயிங்கறது ஆரு" என்று கேட்டாய். எனக்குத் தெரியாது என்றேன். அப்போதுதான் நீ கேட்டாய், "நெசத்தச் சொல்லும்மா, என்னையப் பெத்தது நீதானா" என்று. அதோடு சிக்னல் போய்விட்டது. எவ்வளவு நேரம் அந்தப் பாறைமேலேயே நின்றேன் என்று எனக்கே தெரியவில்லை. மறுநாள் நீ அழுதுகொண்டே மன்னிப்புக் கேட்டாய், நானும் பரவாயில்லை சாமி என்றேன். ஆனால் மறைக்க மாட்டேன், எனக்குக் கோபம் இருந்தது. வயிற்றைக் கிழித்துப் பெற்றவளிடம் கேட்கிற கேள்வியா இது என்று மூன்று நாள் யாரோடும் முகம் கொடுத்துப் பேசவில்லை. அப்புறம் யோசித்துப் பார்த்தேன். சின்ன வயதில் உன்னோடு சண்டை போடுகிற பிள்ளைகளெல்லாம், நீ சினிமாக்காரி காரிலே போட்டுவிட்டுப் போன புள்ளை என்று கேலி செய்வார்கள், நீ அழுதுகொண்டு வருவாய், நான் சிரித்துவிட்டு அடுப்பு வேலையைப் பார்ப்பேன். அன்றைக்கே உன்னைப் பக்கத்தில் உட்கார வைத்து எல்லாவற்றையும் சொல்லியிருக்க வேண்டும். சொல்லாமல் விட்டது என் தப்பு.

கார் கதை உனக்கு மேலோட்டமாகத் தெரியும். நீ பிறந்த கார்த்திகையில் நம் வளப்பூர் நாட்டில் மூன்று ஊரில் பிள்ளைகளுக்குப் பேதி கண்டது. நடிகை ஹேமரேகா டாக்டர்களையும் நர்சுகளையும் கூட்டிக்கொண்டு வந்து நம் பள்ளிக்கூடத்தில் முகாம் போட்டார். எங்கே புயல் அடித்தாலும் எங்கே பிள்ளைகளுக்கு நோய் வந்தாலும் அவர் போவார் என்று ரேடியோவில் கேட்டிருக்கிறோம், இருந்தாலும் சினிமாதான் எடுக்க வந்திருக்கிறார்கள் என்று ஜனம் நினைத்தது. இரண்டு நாள் கழித்து அவர் பிள்ளைகளின் பேதித்துணியைத் துவைப்பதைப் பார்த்த பிறகுதான் கேமராவைத் தேடுவதை விட்டார்கள். உன் அப்பா குடகுக்குக் காப்பிப் பழம் பறிக்கப் போயிருந்தார். என்னைப் பெற்றவள் உயிரோடு இல்லை, மாமியாரும் அதே பேதியில் படுத்திருந்தார். எனக்கு வலி எடுத்து ஒரு நாள் முழுக்க ஆகியும் நீ வெளியே வரவில்லை. காலையில் என்னைக் கட்டிலோடு தூக்கிக்கொண்டு போய் முகாமில் வைத்தார்கள். டாக்டரம்மா தொட்டுப் பார்த்துவிட்டு, உடனே கீழே கொண்டு போக வேண்டும், தாமதித்தால் இரண்டு உயிரும் தங்காது என்றார்களாம். வேன் மருந்து வாங்கப் போயிருந்தது. அங்கே நின்றது ஹேமரேகாவின் கார் ஒன்றுதான். கூடப் போக ஒரு பெண்பிள்ளை வேண்டும், நர்சுகளை அனுப்பினால் குளுக்கோஸ் பாட்டில் ஏறிக்கொண்டிருக்கிற பிள்ளைகளை யார் பார்ப்பது, அதனால் அவரே ஏறி என் தலையை மடியில் வைத்துக்கொண்டார். இவ்வளவுதான் எனக்குத் தெரியும். வளைவுகளில் இறங்கும்போது நான் கத்தியது நினைவிருக்கிறது, யாரோ நெற்றியைத் துடைத்தது நினைவிருக்கிறது. கண் விழித்தபோது மறுநாள் விடிந்து, வயிற்றில் தையல் போட்டு, பக்கத்தில் நீ கிடந்தாய். அவர் போய்விட்டிருந்தார்.

கண்ணாயி என்ற பெயரைக் கேட்டதும் நாங்கள் ஆஸ்பத்திரிக்காரர்கள் பக்கத்துக் கட்டில்காரியின் பெயரை மாற்றி எழுதிவிட்டார்கள் என்றுதான் நினைத்தோம். விசாரிக்கலாம் என்று போனால், அந்த ஆஸ்பத்திரியே இப்போது இல்லை, இடித்துவிட்டுக் கல்யாண மண்டபம் கட்டியிருக்கிறார்கள். ஆபீசில் ஆபீசரம்மா சின்ன வயதுப் பெண், மரியாதையாகத்தான் பேசினார். ஆஸ்பத்திரி ரிக்கார்டு இருந்தால் கொண்டு வாருங்கள், அது இல்லையென்றால் பதிவேட்டில் இருக்கிற கண்ணாயியே, நான் தாய் இல்லை என்று எழுதிக் கொடுக்க வேண்டும், இரண்டில் ஒன்று இல்லாமல் நான் பெயரை மாற்ற முடியாது என்றார். முப்பது வருஷத்துக்கு முன்னால் பக்கத்துக் கட்டிலில் படுத்திருந்தவளை எங்கே போய்த் தேடுவது என்று நான் அங்கேயே படியில் உட்கார்ந்துவிட்டேன். உன் அப்பாதான், அன்றைக்குக் காரை ஓட்டியது அக்பர் அலி பாய்தானே, அவரைக் கேட்டால் என்ன என்றார். நம்மிடம் மிளகு வாங்குகிற அதே பாய்தான். அப்போது அடிவாரத்தில் வாடகைக் கார் ஓட்டிக்கொண்டிருந்தார். மலை வளைவுக்குத் தன் டிரைவர் பயந்ததால் ஹேமரேகா இவரை அமர்த்தியிருந்தார்.

கடைக்குப் போனோம். பாயிடம் சான்றிதழைக் காட்டி, அன்றைக்கு அந்த ஆஸ்பத்திரியில் கண்ணாயி என்று யாராவது இருந்தார்களா என்று கேட்டேன். அவர் அந்தக் காகிதத்தைப் பார்த்தபடியே நின்றார். அப்புறம், "தங்கச்சி, அது ஒரு வாக்குங்க, நான் சொல்லக் கூடாது" என்றார். உள்ளேயிருந்து அவர் மனைவி சலீமா பீவி வந்துவிட்டார். "ஒரு புள்ள தன்னையப் பெத்தது ஆருன்னு கேட்டு அழுவுது, இவருக்கு வாக்காம் வாக்கு, வாங்குனவங்களையே போன் பண்ணிக் கேளுங்க" என்று போனை எடுத்து அவர் கையில் திணித்தார். பாய் வெளியே வேப்பமரத்தடிக்குப் போய்ப் பேசிவிட்டு வந்தார். வரும்போது கண் கலங்கியிருந்தது. அப்புறம் சொன்னார். ஹேமரேகா என்பது சினிமாவுக்கு வைத்த பெயர். அவரைப் பெற்றவர்கள் வைத்த பெயர் கண்ணாயி.

மீதியையும் பாயே சொன்னார் கண்ணு. அன்றைக்கு ஆஸ்பத்திரியில் ஆபரேஷனுக்குச் சொந்தக்காரர் யாராவது கையெழுத்துப் போட வேண்டும் என்றிருக்கிறார்கள். அவர் முக்காட்டைப் போட்டுக்கொண்டு, நான்தான் இவளுடைய அக்கா என்று சொல்லிக் கண்ணாயி என்று கையெழுத்துப் போட்டிருக்கிறார். மூன்று நாளாகத் தலை வாராமல் முகாமில் கிடந்தவரை ஒருவருக்கும் அடையாளம் தெரியவில்லை. பிறப்பை எழுதிய கிளார்க்கு அந்தத் தாளில் இருந்த பெண் பெயரைத் தாய் பெயர் என்று நினைத்து எழுதிவிட்டார் போலிருக்கிறது. திரும்பி மலையேறும்போது அவர் பாயிடம், "அண்ணா, எம் பேரு ஆருக்கும் தெரிய வேண்டாம், ஆஸ்பத்திரிக்கு நான் வந்ததும் தெரிய வேண்டாம், பத்திரிகைக்காரங்க வந்து புள்ளையையும் என்னையும் சேத்துப் போட்டோ புடிச்சா, செஞ்சதெல்லாம் நடிப்பாப் போயிரும்" என்று சொன்னாராம். என்னைக் காரில் ஏற்றிக்கொண்டு போனதை ஊரே பார்த்தது, அதை மறைக்க முடியவில்லை. ஆனால் ஆஸ்பத்திரிக்குள் நடந்ததைப் பாய் பெண்டாட்டியிடம்கூடச் சொல்லவில்லை. நம்மோடு வருஷா வருஷம் மிளகு எடை போடும்போதும் சொல்லவில்லை.

ஹேமரேகா சினிமாவை விட்டு வெகுகாலம் ஆகிறது. திருவண்ணாமலைப் பக்கம் ஆதரவற்ற பிள்ளைகளுக்கு ஒரு இல்லம் நடத்துகிறார். நானும் அப்பாவும் பாயும் வக்கீலிடம் அபிடவிட் எழுதி வாங்கிக்கொண்டு விடியற்காலை பஸ்ஸில் கிளம்பினோம். போகிற வழியெல்லாம் எனக்கு ஒரே பயம். இவ்வளவு பெரிய மனுஷி, ஒளித்து வைத்திருக்கிற பெயரைப் பத்திரத்தில் எழுதிக் கேட்கிறோமே, கோபித்துக்கொண்டால் என்ன செய்வது என்று. போய்ப் பார்த்தால், வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்து ஒரு பெண்பிள்ளைக்குப் பேன் பார்த்துக்கொண்டிருக்கிறார். தலை முழுக்க நரைத்துவிட்டது, கண்ணாடி மூக்கில் இறங்கிக் கிடக்கிறது, மூக்கும் கண்ணும் மட்டும் படத்தில் பார்த்த அதேதான். எங்களைப் பார்த்ததும், "வாங்க கண்ணு வாங்க, மலையிலிருந்து அத்தன தூரம் வந்திருக்கீங்க, மொதல்ல சாப்புடுங்க, அப்பறம் பேசிக்கலாம்" என்றார். படத்தில் சுத்தத் தமிழ் பேசினவர் வாயிலிருந்து நம் பக்கத்துப் பேச்சு வந்ததும் என் பயம் பாதி போய்விட்டது. ராசிபுரத்துப் பக்கம் ஒரு குடியானவர் வீட்டில் பிறந்தவராம்.

சாப்பிடும்போது அவரே பெயர்க்கதையைச் சொன்னார். முதல் படத்துக்குப் போனபோது கம்பெனிக்காரர், கண்ணாயி என்று போஸ்டரில் போட்டால் ஒருவனும் கொட்டகைக்கு வரமாட்டான், பெயரை மாற்றுகிறேன் என்றிருக்கிறார். இவருக்கு அழுகை வந்துவிட்டது, அது அப்பாவைப் பெற்ற பாட்டியின் பெயர். அப்பா என்ன சொல்வாரோ என்று பயந்துகொண்டே ஊருக்கு வந்து சொன்னால், அவர், "ரொம்ப நல்லதாப் போச்சு சாமி, எங்காத்தா பேரைச் செவுத்துல ஒட்டி மாடு திங்க வேண்டாம்" என்றாராம். சொல்லிவிட்டு வாய்விட்டுச் சிரித்தார். "அதனால சினிமாவுக்கு அந்தப் பேரு, மத்த எல்லாத்துக்கும் இந்தப் பேரு. ஹேமரேகா நூறு பேருக்கு மகளா, பொண்டாட்டியா, தாயா நடிச்சா. கண்ணாயி நடிச்சதே இல்ல, உனக்கு அக்கான்னு சொன்ன அந்த ஒரு நாளு தவுர" என்றார். உன் போட்டோவைக் கேட்டார். கல்யாணப் போட்டோவையும் அந்த ஊர் ஆஸ்பத்திரி உடுப்பில் நீ நிற்கிற போட்டோவையும் காட்டினேன். நர்சா, நர்சா என்று இரண்டு தரம் கேட்டார். பிறகு, "பாருங்க, கவர்மெண்டுக் கணக்குல முப்பது வருசமா எனக்கு ஒரு பொண்ணு இருந்திருக்கா, ஒரு வாய் காப்பி போட்டுக் குடுத்தாளா" என்று கேட்டு எங்களையெல்லாம் சிரிக்க வைத்தார்.

அப்புறம் அபிடவிட்டைக் கொடுத்தோம். கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு ஒவ்வொரு வரியாகப் படித்தார். மேற்படி அருள்மொழியை நான் பெற்றெடுக்கவில்லை என்று ஒரு வரி. அதற்குக் கீழே, எனக்கு எக்காலத்திலும் குழந்தை பிறந்ததில்லை என்று ஒரு வரி. வக்கீல் கெட்டிப்படட்டும் என்று அதைச் சேர்த்திருந்தார். அந்த இடத்தில் அவர் விரல் நின்றுவிட்டது. முகத்தில் இருந்த சிரிப்பு அப்படியே இருந்தது, ஆனால் கண் சிரிக்கவில்லை. "இந்த ரெண்டாவது வரி கண்டிப்பா வேணுங்களா" என்று மெதுவாகக் கேட்டார். அது இருந்தால்தான் ஆபீசில் பேசாமல் ஏற்றுக்கொள்வார்கள், இல்லாவிட்டால் சந்தேகம் கேட்பார்கள் என்று வக்கீல் சொல்லியிருந்தார். உனக்கு நாள் போய்க்கொண்டிருந்தது. நான் வாயைத் திறப்பதற்குள் உன் அப்பா எழுந்து போனார். உனக்குத்தான் தெரியுமே, நாலு பேர் இருக்கிற இடத்தில் அவர் வாயே திறக்க மாட்டார். "வேண்டாமுங்க, மொத வரியே போதுமுங்க" என்று சொல்லி, சட்டைப் பையிலிருந்து பேனாவை எடுத்து அந்த வரியை அவரே அடித்துவிட்டார். ஆபீசில் ஒத்துக்கொள்ளாவிட்டால் என்ன செய்வது என்று பாய் கேட்டார். ஹேமரேகா அப்பாவையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, "அப்படின்னா நானே நேர்ல வாரேன், ஆளே வந்து நின்னா எந்த வரி வேணும்" என்று சொல்லிக் கையெழுத்துப் போட்டார். கண்ணாயி என்று நிறுத்தி நிறுத்தி அழகாக எழுதினார்.

சொன்னபடி அடுத்த வாரமே வந்துவிட்டார். எழுபத்தைந்து வயதாகிறது, இடுப்பு வலி இருக்கிறது, காரில் உட்கார்ந்தே வந்து சலீமா பீவி வீட்டில் இறங்கினார். மறுநாள் காலை நாங்கள் எல்லோரும் ஆபீஸ் பெஞ்சில் உட்கார்ந்திருந்தோம். நூல் சேலை, கையில் துணிப்பை, எங்களோடு உட்கார்ந்தால் நம் ஊர்க்காரர் மாதிரியே இருந்தார். உள்ளேயிருந்து கண்ணாயி யாருங்க என்று கூப்பிட்டார்கள். "நான்தானுங்க" என்று பெஞ்சைப் பிடித்துக்கொண்டு எழுந்தார். எங்களுக்கு எதிரே உட்கார்ந்திருந்த வயதான பியூன் பார்த்துவிட்டு, கையிலிருந்த பைலைக் கீழே போட்டுவிட்டார். "அம்மா, நீங்க ஹேமரேகா தானுங்களே" என்றார். ஆபீஸ் முழுக்கத் திரும்பிப் பார்த்தது. இவர் சிரித்துக்கொண்டே, "அது சினிமாவுலீங்க, இப்ப கூப்பிட்ட பேருதான் எம் பேரு" என்று சொல்லிவிட்டு உள்ளே நடந்தார். அந்த வயதான மனுஷர் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

ஆபீசரம்மா நாற்காலி கொடுத்தார், ஆனால் கேட்க வேண்டியதை விடாமல் கேட்டார். ஆதாரில் என்ன பெயர் என்று பார்த்தார், கண்ணாயி என்றுதான் இருந்தது. அபிடவிட்டில் இருந்த கையெழுத்தையும் தன் முன்னால் போடச் சொன்ன கையெழுத்தையும் வைத்துப் பார்த்தார். பாய் எல்லாவற்றையும் சாட்சி சொன்னார். அப்புறம் ஆபீசரம்மா, சொந்தம் இல்லாதபோது ஏன் அக்கா என்று சொன்னீர்கள் என்று கேட்டார். "கையெழுத்துப் போடறதுக்கு ஒறவு வேணும்னாங்க, அன்னிக்கு அந்தப் புள்ளைக்குப் பக்கத்துல ஆரு ஒறவு இருந்தா, நீங்களே சொல்லுங்க" என்றார் இவர். அப்படியானால் உங்களுக்கும் இவங்களுக்கும் உறவு ஒன்றும் கிடையாது, அப்படித்தானே என்று ஆபீசரம்மா பேனாவோடு நிமிர்ந்து பார்த்தார். கேள்வி அவரைத்தான். ஆனால் அவர் பதில் சொல்லாமல் என்னைத் திரும்பிப் பார்த்தார். எனக்கு எங்கிருந்து தைரியம் வந்ததோ தெரியாது கண்ணு, "பெத்தது நானுங்க, இவங்க எங்க அக்காதானுங்க" என்றேன். ஆபீசரம்மா கொஞ்ச நேரம் எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, அதை நான் எழுதத் தேவையில்லை என்று சிரித்தபடி கையெழுத்துப் போட்டார். பழைய சான்றிதழில் ரத்து என்று முத்திரை குத்தினார்கள். அதில் ஒரு ஜெராக்ஸ் கிடைக்குமா என்று அக்கா கேட்டு வாங்கித் துணிப்பையில் வைத்துக்கொண்டார்.

மத்தியானம் சலீமா பீவி நெய்ச்சோறு ஆக்கிப் போட்டார். சாப்பிட்டுவிட்டு நாங்கள் இருவரும் தனியாக உட்கார்ந்திருந்தபோதுதான் நான் கேட்டேன், அன்றைக்கு எனக்குத் தெரியாமல் போனதையெல்லாம் சொல்லுங்கள் என்று. அவர் வலது கையை நீட்டிக் காட்டினார். மணிக்கட்டுக்கு மேலே இரண்டு பல் தடம், வெளுத்துக் கிடக்கிறது. நாற்பதாவது வளைவோ என்னவோ, வலி தாங்காமல் நான் கடித்ததாம். நான் பதறிப்போய்க் கையைப் பிடித்துக்கொண்டேன், மேக்கப் போடுகிறவர்தான் ஒவ்வொரு படத்துக்கும் மறைக்கச் சிரமப்பட்டார் என்று சொல்லிச் சிரித்தார். அப்புறம் இன்னொன்றும் சொன்னார். நீ பிறந்ததும் நர்சு உன்னைத் துணியில் சுற்றிக்கொண்டு வந்து, அக்கா என்று சொன்னதால் அவர் கையில்தான் கொடுத்தாராம். எனக்கு மயக்கம் தெளியாததால் ஒன்றரை மணி நேரம் அவர்தான் உன்னை வைத்திருந்தார். நீ ஒரு கண்ணை மட்டும் திறந்து பார்த்தாயாம். இருட்டுவதற்குள் முகாமுக்குத் திரும்பியாக வேண்டும், அங்கே மூன்று பிள்ளைகள் மோசமாகக் கிடந்தார்கள், அதனால் உன்னை நர்சிடம் கொடுத்துவிட்டுக் கிளம்பினாராம். "அன்னிக்கு அந்தப் படியில எறங்கறதுக்குத்தான் ரொம்ப நேரமாச்சு" என்றார்.

உண்மையைச் சொல்கிறேன், முதலில் எனக்கு லேசாகப் பொறாமையாக இருந்தது. உன்னை முதலில் ஏந்தியது நான் என்றுதான் இத்தனை நாளும் நினைத்திருந்தேன். அந்த ஒன்றரை மணி நேரம் எனக்கு இல்லாமல் போய்விட்டதே என்று மனசு அடித்துக்கொண்டது. மலையேறி வருகிற பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்து யோசித்துக்கொண்டே வந்தேன். நான் நினைவில்லாமல் கிடந்த நேரத்தில் நீ ஒரு தொட்டிலில் தனியாகக் கிடந்து அழவில்லை, ஒரு மனுஷியின் கையில் சூடாக இருந்திருக்கிறாய். இது தெரியாமல் போயிருந்தால்தான் எனக்கு நஷ்டம். உன் கேள்வியால்தான் தெரிந்தது, அதனால் அந்தக் கேள்வியை இனி நீயும் மனசில் வைத்துக்கொண்டு வருத்தப்படாதே. நானும் விட்டுவிட்டேன்.

இனி உன் காரியத்தைப் பார். இந்தச் சான்றிதழை விசா ஆபீசுக்குக் கொடுக்கும்போது நகலைக் கொடு, அசலைப் பத்திரமாக வை. இரும்புச்சத்து மாத்திரையை மறக்காமல் போடு, மலச்சிக்கல் வந்தால் வெந்நீர் குடி, நர்சுக்கே நான் சொல்கிறேன் பார். குளிருக்கு ஸ்வெட்டர் மேல் ஸ்வெட்டர் போட்டாலும் காதை மூடாவிட்டால் பிரயோஜனம் இல்லை. ராத்திரி டூட்டி வேண்டாம் என்று எழுதிக் கொடுத்துவிடு, ஒரு மாதச் சம்பளம் குறைந்தால் குறையட்டும். மாப்பிள்ளையைச் சமைக்கப் பழகச் சொல், நான் வந்தால் மூன்று மாதம்தான் இருப்பேன், அப்புறம் மிளகுக் கொடிக்கு யார் மண் அணைப்பது. அப்பா வரமாட்டார், விமானத்தில் ஏறப் பயம் என்று சொல்லாமல் முழங்கால் வலி என்கிறார்.

கடைசியாக ஒன்று. கடிதத்தின் பின்பக்கம் அக்காவின் போன் நம்பரை எழுதியிருக்கிறேன். ஞாயிற்றுக்கிழமை நம் சாயங்கால நேரம் பார்த்துக் கூப்பிடு, அப்போது பிள்ளைகள் விளையாடப் போய்விடுவார்கள், அவர் சும்மா இருப்பார். முதல் தடவை என்ன பேசுவது என்று உனக்குத் தயக்கமாக இருக்கும், வயிற்றுப்பிள்ளை எப்படி உதைக்கிறது என்பதைச் சொல், போதும். மேடம் என்று கூப்பிட்டால் போனை வைத்துவிடுவேன் என்று சொல்லி அனுப்பியிருக்கிறார். பெரியம்மா என்று கூப்பிடு.

நீயும் மாப்பிள்ளையும் வரப்போகிற பிள்ளையும் நூறு வருஷம் நோய் நொடி இல்லாமல் வாழ அந்தப் பெரியசாமியும் எட்டுக்கை அம்மனும் கூடவே இருக்கட்டும். அப்பா உன் தலையைத் தொட்டு ஆசீர்வதித்ததாக எழுதச் சொன்னார்.

உன்னைப் பெற்ற அம்மா,
செ. மணிமேகலை